டிஜிட்டல் சான்றிதழ் அசலா, போலியா? குமரி மாவட்டத்தில் புதிதாகச் சரிபார்க்க உட்காருபவர்களுக்கு

பள்ளி அலுவலகமோ, கல்லூரி அட்மிஷன் பிரிவோ, தனியார் மருத்துவமனையின் எச்ஆரோ, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியோ, நம் மாவட்டத்தில் இவற்றில் எதில் புதிதாகச் சேர்ந்திருந்தாலும் முதல் மாதமே உங்கள் மேசைக்கு வந்து சேரும் வேலை சான்றிதழ் சரிபார்ப்பு. யாரும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. "ஒரு பார்வை பார்த்துட்டு ஃபைல்ல போடு" என்பார்கள், அவ்வளவுதான். முன்பு அசல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையை விரலால் தடவி, ஓரளவுக்கு மட்டுக்கட்ட முடிந்தது. இப்போது வருவது வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப், இல்லையென்றால் அந்தப் பிடிஎஃப்பை அச்சடித்த தாள். அதைத் திருத்த அச்சகம் வேண்டாம், ஒரு போனும் கொஞ்சம் நேரமும் போதும்.

அதனால் ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர் கொடுக்கும் எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல்தான். பதிவு இருப்பது அதை வழங்கிய பல்கலைக்கழகத்திலும் தேர்வுத்துறையிலும். அந்தப் பதிவை, விண்ணப்பதாரர் காட்டும் வழியில் போகாமல், நீங்களாகத் தேடி எடுத்த வழியில் போய்க் கேட்பதற்குப் பெயர்தான் சரிபார்ப்பு. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இங்கே இது வெறும் அலுவலகச் சடங்கு இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் வளைகுடாவில் நர்ஸாகவோ டெக்னீசியனாகவோ ஒருவர் இருப்பார். பத்தாம் வகுப்பு பாஸ் என்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதிச் சோதனை தேவைப்படாத பிரிவு கிடைக்கும் என்பதற்காகவே போலி மார்க்‌ஷீட் தேடி அலைந்தவர்கள் உண்டு. கடன் வாங்கிப் படிக்க வைத்த ஒரு வீட்டுப் பிள்ளையின் இடத்தில் விலைக்கு வாங்கிய தாளோடு இன்னொருவர் போய் உட்காரக் கூடாது. படிக்காத ஒருவர் மருத்துவமனை வார்டில் ஊசியோடு நிற்கவும் கூடாது. அதைத் தடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

முதல் படி: கேட்பதைச் சரியாகக் கேளுங்கள்

"சர்டிபிகேட் அனுப்புங்க" என்று மட்டும் சொன்னால் போட்டோவும் ஸ்கேனும்தான் வரும். ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கரில் இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். 2015ல் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவையில் இரண்டு வகை ஆவணங்கள் இருக்கும், புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒன்று, வழங்கிய துறையே நேரடியாகத் தரவு தளத்திலிருந்து அனுப்பியது. அது 'இஷ்யூட்' என்ற தலைப்பின் கீழ் வரும். இன்னொன்று, கணக்கு வைத்திருப்பவர் தானே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்தது. இரண்டாவது வகைக்கும் வாட்ஸ்அப் போட்டோவுக்கும் நம்பகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. "டிஜிலாக்கரில இருக்கு சார்" என்று சொன்னவுடன் தலையாட்டிவிடாதீர்கள், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் வகைக்கு அசல் ஆவணத்துக்குச் சமமான மதிப்பு உண்டு என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த டிஜிட்டல் லாக்கர் விதிகளே சொல்கின்றன. ஆகவே "எங்களுக்கு ஒரிஜினல்தான் வேணும்" என்று விண்ணப்பதாரரை அலைக்கழிப்பதும் தவறு.

அவருடைய போன் திரையில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து முடித்துவிடாமல், உங்கள் எதிரிலேயே செயலியைத் திறந்து அந்த ஆவணத்தைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். ஓடிபியை அவரே போடட்டும். நீங்கள் கேட்டு வாங்கவே கூடாது.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள் இதில் கிடைக்கும். பட்டங்களுக்கு தேசியக் கல்வி ஆவணக் களஞ்சியம் என்ற ஏற்பாடு 2017ல் வந்தது, இப்போது அதுவும் டிஜிலாக்கர் வழியாகத்தான் இயங்குகிறது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லா ஆண்டுகளின் பதிவையும் ஏற்றிவிடவில்லை. ஒருவருடைய பழைய பட்டம் அங்கே இல்லை என்பதால் அது போலி என்று ஆகிவிடாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அடுத்த படிகள்.

இரண்டாம் படி: தாளின் காலத்தைக் கேள்வி கேளுங்கள்

எழுத்துரு சரியா, லோகோ மங்கலா என்று பார்ப்பதில் நேரத்தைக் கொட்டுகிறார்கள். நல்ல போலியில் அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். போலி செய்பவர் கோட்டை விடுவது பெரும்பாலும் வரலாற்றில். எந்த ஆண்டில் எந்தப் பல்கலைக்கழகம் இருந்தது, எத்தனை மார்க்குக்குப் பரீட்சை நடந்தது என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார்.

நம் மாவட்டத்துக்கே இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், அதனால் அதற்கு முந்தைய தலைமுறையின் பட்டங்கள் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துடையவை. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, அதற்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்ற பெயர் 1978ல்தான் கிடைத்தது. 1990ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு நம் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் கீழ் போயின. இந்த நான்கைந்து ஆண்டுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் 1986ல் பி.காம் முடித்ததாக ஒருவர் தரும் பட்டத்தின் தலைப்பில் மனோன்மணியம் சுந்தரனார் பெயர் இருந்தால், அதற்கு மேல் வாட்டர்மார்க் பார்க்க வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டுப் பட்டத்தில் 'காமராசர்' இருந்தாலும் அப்படியே.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1990களில் இங்கே பொறியியல் படித்த ஒருவர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பி.இ. பட்டத்தோடு வருவார். "பி.இ. என்றால் அண்ணா பல்கலைக்கழகம்தானே" என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். மாநிலம் முழுக்க உள்ள பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்தது 2001க்குப் பிறகுதான். நர்சிங், மருத்துவப் படிப்புகளில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது 1988ல். அதற்கு முந்தைய பட்டத்தில் அந்தப் பெயர் வர வழியில்லை.

பள்ளி மார்க்‌ஷீட்டிலும் இதே வேலைதான். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2018 மார்ச் தேர்வு வரை 1200, 2019 மார்ச்சிலிருந்து 600. 2016ல் எழுதியதாகச் சொல்லும் தாளில் 600க்கு 540 என்று இருந்தால் செய்தவருக்குப் பழைய முறை தெரியாது என்று பொருள். 2021ல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புச் சான்றில் தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும், மார்க் இருக்காது. அப்படியிருக்க, 2021 பத்தாம் வகுப்பில் 500க்கு 478 என்று ஒரு பிடிஎஃப் வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். அதே ஆண்டு பிளஸ் டூவுக்கு மட்டும் பத்தாம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டில் 30 என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.

களியக்காவிளை தாண்டிப் போய்ப் படித்த பிள்ளைகளும் நிறைய வருவார்கள். கேரள எஸ்எஸ்எல்சியில் 2005 முதல் கிரேடு முறை. 2010ஆம் ஆண்டு கேரள எஸ்எஸ்எல்சி என்று சொல்லி 600க்கு இத்தனை என்று மார்க்கோடு ஒரு தாள் வந்தால் நிறுத்தி வைத்து விசாரியுங்கள்.

அப்புறம் சாதாரணக் கணக்கு. பாடவாரியாகக் கூட்டிப் பாருங்கள், எண்ணில் இருப்பதும் எழுத்தில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு பாடத்தின் மார்க்கை மாற்றியவர் மொத்தத்தை மாற்றுவார், எழுத்தில் உள்ளதை மறந்துவிடுவார். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மாற்றுச் சான்றிதழ், பட்டம் என எல்லாவற்றையும் அருகருகே திறந்து வைத்துப் பிறந்த தேதி, பெயர், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று ஓட்டிப் பார்த்தால் பாதிப் போலிகள் இங்கேயே சிக்கிவிடும்.

மூன்றாம் படி: கோப்பைத் திறக்கும் விதம்

டிஜிட்டல் கையொப்பம் என்பது தாளின் அடியில் தெரியும் பச்சை டிக் படம் இல்லை. அந்தப் படத்தை யாரும் வெட்டி ஒட்டலாம். கையொப்பம் கோப்புக்குள்ளே இருக்கிறது. அதை போன் வியூவரோ பிரவுசரோ பெரும்பாலும் காட்டாது. கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்து, கையொப்பம் இருக்கும் இடத்தில் கிளிக் செய்தால் அதன் விவரப் பெட்டி வர வேண்டும். கிளிக் செய்தும் எதுவும் வரவில்லையென்றால் அது வெறும் படம், அல்லது அச்சுக்குக் கொடுத்து மறுபடி பிடிஎஃப்பாகச் சேமித்த நகல். அப்படிச் சேமித்தால் கையொப்பம் போய்விடும். அதனால் உடனே போலி என்று முடிவு கட்டாமல், பதிவிறக்கிய மூலக் கோப்பையே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

பெட்டி திறந்தால் மூன்று விதமாக வரலாம். கையொப்பமிட்ட பிறகு ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது என்று சிவப்புக் குறியோடு வந்தால் விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது. மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பயப்பட வேண்டாம்; கையொப்பமிட்டவரின் சான்றை உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் நம்பும் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இங்கேதான் ரொம்பக் கவனம் தேவை. யூடியூப் வீடியோக்களில் "நம்பகப் பட்டியலில் சேர்" என்று அழுத்திப் பச்சையாக்கச் சொல்லித் தருவார்கள். யார் வேண்டுமானாலும் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் வீட்டில் உட்கார்ந்தே ஒரு கையொப்பத்தை உருவாக்கிவிட முடியும், அதையும் நீங்கள் இப்படிச் சேர்த்தால் பச்சையாகத்தான் காட்டும். ஆகவே சேர்ப்பதற்கு முன் கையொப்பமிட்டவரின் சான்றைத் திறந்து, அதன் சங்கிலி மேலே எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். இந்தியாவில் சட்டப்படி செல்லும் டிஜிட்டல் கையொப்பம் எல்லாம், உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாகப் போய், 'சிசிஏ இந்தியா' என்ற அரசின் மூலச் சான்றில்தான் முடியும். வேறு எங்காவது முடிந்தாலோ, தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதற்கு மதிப்பில்லை. பச்சை நிறம் வந்தாலும் கையொப்பத்தில் யார் பெயர், எந்தத் துறை என்று வாசிக்காமல் மூடாதீர்கள்.

கோப்பின் பண்புகளில் எந்த மென்பொருளில் எப்போது உருவானது என்று இருக்கும். போட்டோ எடிட்டிங் மென்பொருளின் பெயர் இருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. தேதியை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள், டிஜிலாக்கர் போன்றவற்றில் பதிவிறக்கும் நேரத்தில்தான் கோப்பு உருவாகும்.

நான்காம் படி: க்யூஆர் கோடும் இணைய முகவரியும்

க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகிறது என்பதே ஆதாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது எங்கே கூட்டிப் போகிறது என்பதுதான் கேள்வி. சில கோடுகளில் பெயரும் மார்க்கும் வெறும் எழுத்தாக இருக்கும், அதை இலவசமாக யாரும் செய்து ஒட்டலாம். சில கோடுகள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும். திறந்ததும் அந்தப் பக்கத்தின் அழகைப் பார்க்காமல் முகவரியைப் படியுங்கள், அதுவும் பின்னாலிருந்து. முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அதற்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பது என்ன? 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' அரசுத் துறைகளுக்கு மட்டும் கிடைப்பவை. 'ஏசி டாட் இன்', 'எடு டாட் இன்' இரண்டையும் கல்வி நிறுவனங்கள் ஆவணம் காட்டித்தான் வாங்க முடியும். 'டாட் காம்', 'டாட் இன்', 'டாட் ஓஆர்ஜி' ஆகியவை பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். பல்கலைக்கழகப் பெயரும் 'ஏசி டாட் இன்'னும் நடுவில் இருந்து, அதற்குப் பின்னால் இன்னொரு பெயரும் 'டாட் காமு'ம் ஒட்டியிருந்தால், அந்தப் பக்கம் அந்தக் கடைசிப் பெயர்க்காரருடையது.

இதை இன்னும் பெரிய அளவில் செய்த கதை 2015ல் வெளிச்சத்துக்கு வந்தது. கராச்சியில் இருந்த அக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் வலைத்தளம் நடத்தி, அவற்றுக்கு அங்கீகாரம் கொடுப்பதாகச் சொல்லும் அமைப்புகளுக்கும் தனியாக வலைத்தளம் வைத்திருந்தது. விண்ணப்பதாரர் கொடுத்த இணைப்பையே அழுத்திப் போய்ச் சரிபார்த்த முதலாளிகளுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

சரியான முகவரிக்கே போனாலும் வேலை முடியவில்லை. வேறொருவரின் அசல் சான்றிலிருந்த கோடை வெட்டி இந்தத் தாளில் ஒட்டியிருக்கலாம். திரையில் வரும் பெயர், பதிவெண், மார்க்கை உங்கள் கையிலுள்ள தாளோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். டிஜிலாக்கர் ஆவணத்தின் கோடை டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஸ்கேனராலேயே சரிபார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: வழங்கிய இடத்தில் கேளுங்கள்

இதுதான் முடிவான படி. முன்னால் சொன்னவை எல்லாம் சந்தேகத்தை எழுப்பும் அல்லது குறைக்கும், உறுதி செய்வது இது மட்டுமே. அலுவலக வழக்கில் இதற்கு 'உண்மைத்தன்மை அறிதல்' என்று பெயர். 'ஜெனியூன்னஸ்' என்றும் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூவுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம். பட்டங்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வாணையர் அலுவலகம். நம் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அது திருநெல்வேலி அபிஷேகப்பட்டி வளாகம். நர்ஸ் என்றால் பட்டத்தோடு நிறுத்தாமல் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், பதிவில்லாமல் வார்டில் வேலை பார்க்க முடியாது.

சான்றின் அடியில் போட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைக்காதீர்கள். எண்ணையும் மெயிலையும் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நீங்களே எடுங்கள். பதில் எந்த மெயில் முகவரியிலிருந்து வருகிறது என்றும் பாருங்கள்; ஜிமெயிலில் இருந்து "உண்மையானதே" என்று வந்தால் மறுபடி விசாரியுங்கள். விண்ணப்பதாரரிடம் முன்கூட்டியே ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைத்தால் கோப்பு தடையில்லாமல் நகரும். ஏஜென்ட் மூலமாகவோ விண்ணப்பதாரர் கையிலோ உண்மைத்தன்மைக் கடிதத்தைக் கொடுத்தனுப்பச் சொல்வதை மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பதில் வர நாளாகும். அதற்குள் ஆளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று மேலிருந்து சொல்வார்கள். சரி, சேருங்கள், ஆனால் நியமனக் கடிதத்தில் உண்மைத்தன்மை உறுதியாவதற்கு உட்பட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு தலைவலியைக் குறைக்கும் என்று அனுபவப்பட்ட எந்த அலுவலகத்தைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வளைகுடா கோப்புகளில் ஒரு குழப்பம். 'அப்போஸ்டில் ஆகியிருக்கு' (வெளிநாட்டில் காட்டுவதற்காக வெளியுறவுத் துறை போடும் சான்று), 'எம்பசி முத்திரை இருக்கு' என்று காட்டுவார்கள். அந்த முத்திரை, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் பதவியும் சரி என்பதைச் சொல்வது; உள்ளே இருக்கும் மார்க்குக்கு அது பொறுப்பேற்காது. சுகாதாரத் துறை வேலைகளுக்கு டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் தனியாகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பது அதனால்தான்.

வழங்கிய இடமே சரிதானா

இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதை யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வரையறுக்கிறது: சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். வேறு யாருக்கும் கிடையாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யூஜிசி வெளியிடுகிறது. கேரளத்தின் கிஷாநட்டம் செயின்ட் ஜான்ஸ் என்ற பெயர் அதில் நெடுங்காலமாக இருக்கிறது. எல்லைப்புற மாவட்டம் என்பதால் நாம் தெரிந்திருக்க வேண்டிய பெயர். பட்டியலை அச்சடித்து வைப்பதைவிட ஒவ்வொரு முறையும் யூஜிசி தளத்தில் பார்ப்பதே நல்லது, அது மாறிக்கொண்டே இருக்கும்.

அங்கீகாரம் உள்ள இடத்திலும் பிரச்சினை வரலாம். இமாச்சலப் பிரதேசம் சோலனில் இருந்த மானவ் பாரதி பல்கலைக்கழகம் சட்டப்படி அமைந்ததுதான். அங்கிருந்து ஆயிரக்கணக்கில் பட்டங்கள் விற்கப்பட்டதாக 2020ல் வழக்குகள் பதிவாயின. மேல்புறத்திலோ தக்கலையிலோ வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதே ஆண்டுகளில் வடமாநிலம் ஒன்றில் நேரடி வகுப்பில் படித்ததாகச் சொன்னால், எங்கே தங்கினார், யார் பாடம் எடுத்தார்கள், பரீட்சை எங்கே நடந்தது என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். படித்தவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார்.

உங்கள் அலுவலகத்திலிருந்தே கசியாமல் இருக்க

கண்டுபிடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் பதிவு உருவாகும் இடத்திலேயே மாற்றிவிட்டால் வெளியில் யார் எத்தனை படி ஏறினாலும் பயனில்லை, கேட்ட இடத்திலிருந்தே "சரி" என்று பதில் வந்துவிடும். 2018ல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு விவகாரத்தில் லஞ்ச ஒழிப்புத்துறை வழக்குப் பதிந்தபோது வெளியே வந்த குற்றச்சாட்டே பணம் வாங்கி மார்க்கைக் கூட்டியது என்பதுதான்.

பள்ளி, கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டியது முதல்வரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சின்னப் பொருளும் அதன் பின் நம்பரும் சேர்ந்தால் முதல்வரே கையெழுத்துப் போட்டதற்குச் சமம். பல இடங்களில் டோக்கன் எப்போதும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கிறது, பின் நம்பர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அலமாரியின் சாவியையும் ரப்பர் ஸ்டாம்பையும் வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது இது. கையொப்பம் போடும் நேரம் தவிர அது முதல்வரின் பையில் இருக்க வேண்டும்.

மார்க் பதிவேற்றும் மென்பொருளில் ஆளுக்கொரு லாகின் வேண்டும். 'ஆபீஸ்' என்ற ஒரே பெயரில் நான்கு பேர் நுழைந்தால் யார் மாற்றினார் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். திருத்தினால் பழைய மார்க், புதிய மார்க், யார், எப்போது, எந்தக் கடிதத்தின் பேரில் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும், அந்தப் பதிவை மாதம் ஒருமுறை பரீட்சை வேலையில் இல்லாத ஒருவர் எடுத்துப் படிக்க வேண்டும். யாரும் படிக்காத பதிவால் பிரயோசனமில்லை. வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே மூடுங்கள், பிரிவுபசார விழாவுக்கு முன்பே.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க மார்க்‌ஷீட்தான். பிளக்ஸ் போர்டிலும் போடுகிறார்கள். பெருமைதான், படட்டும். ஆனால் ரிசல்ட் தளத்தில் நுழையத் தேவையானவை பதிவெண்ணும் பிறந்த தேதியும். இரண்டும் அந்த ஸ்டேட்டஸில் பளிச்சென்று இருக்கும். அதை வைத்து உங்கள் பிள்ளையின் விவரங்களை வேறொருவர் எடுத்து, பெயரையும் போட்டோவையும் மட்டும் மாற்றினால் அசல் பதிவெண் கொண்ட போலி தயார். மார்க்கை எழுதிப் போடுங்கள், தாளைப் போடாதீர்கள்.

வடசேரி, மார்த்தாண்டம் பக்கம் பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ சான்றைப் பதிவிறக்கினால், கிளம்பும் முன் டவுன்லோட் ஃபோல்டரிலும் டெஸ்க்டாப்பிலும் இருப்பதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, டிஜிலாக்கர், மெயில், வாட்ஸ்அப் வெப் மூன்றிலிருந்தும் வெளியே வந்துவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யாரென்று அவருக்கும் தெரியாது. ஏஜென்ட் கேட்டால் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிகளும் மாணவர்களின் அசல் சான்றுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூஜிசி 2018லேயே அறிவித்துவிட்டது.

சந்தேகம் வந்துவிட்டால்

முதலில், அது உண்மையிலேயே சந்தேகம்தானா என்று பாருங்கள். நம் ஊரில் பெயர் வேறுபாடு சர்வசாதாரணம். பள்ளியில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் இன்னொன்று, கேரளத்தில் படித்தபோது வீட்டுப்பெயரும் சேர்ந்திருக்கும், பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயராகியிருக்கும். இதற்கெல்லாம் அரசிதழ் வெளியீடு, ஒரே நபர் என்ற சான்று என வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கேளுங்கள், திருடனைப் பார்ப்பது போலப் பார்க்காதீர்கள்.

போலி என்று வழங்கிய இடத்திலிருந்து எழுத்தில் வந்த பிறகும் விண்ணப்பதாரர் மேல் பாய வேண்டாம். "மக்களே, இத எங்கேர்ந்து வாங்கின?" என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஏஜென்ட் "எல்லாம் முறைப்படி" என்று சொல்லிக் காசு வாங்கி ஏமாற்றிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் குற்றவாளியா, ஏமாந்தவரா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. உங்கள் வேலை ஆதாரத்தைக் காப்பது. வந்த மெயிலை அழிக்காமல், கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல், தனி ஃபோல்டரில் வைத்து, யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து, நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாஃப் குரூப்பில் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக்கு 318, போலி ஆவணம் உருவாக்கியதற்கு 336, அதை அசல்போலப் பயன்படுத்தியதற்கு 340 என்று பிரிவுகள் இருக்கின்றன. கடவுச்சொல்லையோ டிஜிட்டல் கையொப்பத்தையோ திருடியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும் சேரும். புகார் மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் கொடுக்கலாம். ஏஜென்ட் ஆன்லைனில் பணம் வாங்கி ஏமாற்றியிருந்தால் அந்தப் பிள்ளையை முதலில் சைபர் பண மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும்.